கடலூரில் பாடாத பாட்டு

என் அண்ணன் சபாபதியைப் பற்றி என் காதுபட யாரும் சிரித்துப் பேசியதில்லை. அவர் இருந்த வரையில் அதற்கு யாருக்கும் துணிவில்லை. அவர் போன பிறகு நான் இருக்கிறேன் என்பதற்காகப் பேசவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், சின்னையன் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டும் வரை.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நாங்கள் காலையில் சந்திப்பது வழக்கம். சின்னையன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னை மாமா என்பான், உறவில்லை, மரியாதை.

"மாமா, இத பாருங்களேன். சிதம்பரத்துல ஏதோ காமெடிக் கச்சேரியாம். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது. பாட்டுல வர்ற ஆளு நம்ம சேர்மன் மாதிரியே இல்ல?"

சின்னத் திரையில் ஒரு பொதுக்கூட்ட மேடை தெரிந்தது. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், அத்தனையும் காலி. பின்னால் கட்டியிருந்த பேனரில் பெரிய பெரிய தலைகளின் உருவம், முகம் மட்டும் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. ஒருவன் கீபோர்டு வாசித்தான், ஒருவன் தவில் அடித்தான். மைக் முன்னால் ஒரு பெண் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாடினாள்.

"வேட்டி ஒண்ணு, கரை நாலு,
விடிஞ்சா எந்தக் கரை கேளு!
அம்மா கையில ஊசி நூலு,
அப்பா எந்தக் கட்சி ஆளு?"

கூட்டம் இரைந்தது. விசில் பறந்தது. அந்தச் சிரிப்போடு படம் நின்றுவிட்டது.

"யாரு மாமா அந்தப் பொண்ணு? எங்கயோ பாத்த மொகமா இருக்குது."

"தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். டீ பாதி கிளாஸில் இருந்தது.

தெரியாமல் என்ன? அவள் என் அண்ணன் மகள் சத்யப்பிரியா. பாட்டில் வரும் அப்பா என் அண்ணன். ஊசி நூல் பிடித்த அம்மா என் அண்ணி தங்கம்மாள்.

அண்ணன் எங்கள் ஒன்றியத்தின் பெருந்தலைவராக, ஊர் வாயில் சேர்மனாக, இரண்டு முறை இருந்தார். நான்கு கட்சிகளில் இருந்தார் என்பதும் உண்மை. அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. ஒரு கட்சியில் இருந்தபோது வாய்க்காலுக்குப் பாலம் வந்தது, இன்னொன்றில் இருந்தபோது பெண்கள் பள்ளிக்குக் கட்டடம் வந்தது. ஆட்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போனால்தான் ஊருக்கு எதுவும் வரும் என்பார். போனார், கொண்டுவந்தார். அந்தப் பாலத்தில் நடக்கிறவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்க உரிமையில்லாதவர்கள் என்பது என் கருத்து.

ஆனால் வேட்டி விஷயம் வேறு. அண்ணனுக்குக் கட்சிக்காரர்கள் விற்கும் கரை வேட்டி ஆகாது. துணி முரடு, தொடையில் அரிக்கும். சேலத்து மெல்லிய வேட்டிதான் கட்டுவார். கட்சி மாறும் நாளில், விடியற்காலையில் அண்ணி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பழைய கரையைப் பிரித்து எடுத்துவிட்டு, அதே வேட்டியில் புதுக் கட்சியின் கரையைத் தைத்துக் கொடுப்பார்கள். இது வீட்டுக்குள் இருந்த சங்கதி. வெளியில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்து, பிரித்த நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்த சின்னப் பெண்ணுக்குத் தெரியும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அந்தப் பெண் இப்போது அதை மேடையில் பாடுகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே நிகழ்ச்சி கடலூர் டவுன் ஹாலில் நடக்கப்போகிறது என்று அந்தப் படத்தின் அடியிலேயே எழுதியிருந்தது. சிதம்பரத்தில் பாட்டு கேட்டவர்களுக்கு அது யாரோ ஒரு அரசியல்வாதி. கடலூரில் கேட்கிறவர்களுக்கு அது சபாபதி. அது நடக்கக்கூடாது. நடக்கவிடாமல் தடுப்பதற்கு இந்தக் குடும்பத்தில் மிச்சமிருப்பது நான் ஒருவன். அண்ணியும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் மனைவி மலர்க்கொடி போய் வெகுகாலமாகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பவளும் இந்த சத்யா ஒருத்திதான். ஞாயிறு காலைகளில் போன் செய்து, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள்.

மறுநாளே சிதம்பரம் பஸ் ஏறினேன்.

அவள் வீடு தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது. கீழே அவள் கணவன் அறிவழகனின் மைக் செட் கடை. அவன் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடை. இந்தப் பக்கத்தில் நடந்த எல்லாக் கட்சிப் பொதுக்கூட்டங்களுக்கும் அவர்கள்தான் மைக் செட். அண்ணன் பேசிய கூட்டங்களில் மேடைக்குக் கீழே ஒயர் சுற்றிக்கொண்டு நின்ற பையனை அண்ணன் மகள் விரும்பினாள். அண்ணனே நின்று நடத்திவைத்த கல்யாணம் என்பதால் நான் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மேடைகளில் தான் கேட்டதையெல்லாம் சேர்த்து அவன் மெட்டுப் போட, அவள் எழுதிப் பாட, தவிலுக்குக் கலைமணி என்று ஒரு நண்பனைச் சேர்த்துக்கொண்டு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். பெயர், "அவர்களே அவர்களே".

"வாங்க சித்தப்பா" என்று எழுந்து வந்தாள் சத்யா. "போன் பண்ணிட்டு வரக்கூடாதா? பஸ் ஸ்டாண்டுக்கு இவுரு வந்திருப்பாரே."

"வழி தெரியும்."

"வாங்க மாமா" என்றான் அறிவழகன். நாற்காலியில் கிடந்த ஒயரை எடுத்து இடம் செய்தான்.

உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் எனக்கில்லை.

"ஞாயித்துக்கிழம கடலூர்ல உங்க கூத்து இருக்குதாமே."

"ஷோ மாமா" என்றான் அவன்.

"ஏதோ ஒண்ணு. அதுல அந்த வேட்டிப் பாட்டப் பாடக்கூடாது. கடலூர்ல மட்டும் இல்ல, எங்கயும் பாடக்கூடாது."

சத்யா என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "பாட்ட முழுசா கேட்டீங்களா சித்தப்பா?"

"கேட்ட வரைக்கும் போதும்."

"எது வரைக்கும் கேட்டீங்க?"

"சின்னையன் போன்ல வந்துச்சு. ஜனம் சிரிக்கிற வரைக்கும் இருந்துச்சு."

அவளும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுக்கப்புறமும் இருக்குது. யாரோ வெட்டி அனுப்பியிருக்காங்க. இப்பவே பாடறேன், கேளுங்க. இவுரு கீபோர்ட எடுப்பாரு, ரெண்டு நிமிஷம்."

"உங்கப்பன ஊரு சிரிக்க வச்ச பாட்ட நான் உக்காந்து ரசிக்கணுமா?"

"அப்பா இருந்தா சிரிச்சிருப்பாரு சித்தப்பா. அவரே எத்தன தடவ சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்காரு, தெரியுமா? தங்கம், அடுத்த தடவ பட்டன் வச்சுத் தச்சிடு, மாட்டிக் கழட்ட சுலபமா இருக்கும்னு அம்மாவ ஓட்டுவாரு."

"வீட்டுக்குள்ள சிரிச்சது வேற. அவரு இருந்தா அவரு பாத்துப்பாரு. இல்ல. அதனாலதான் நான் வந்திருக்கேன்."

"மாமா, ஒரு தடவ கேட்டுட்டு முடிவு பண்ணுங்களேன்" என்று தொடங்கினான் அறிவழகன்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் சத்யா அவனிடம். முகம் இறுகிவிட்டது. அந்த இறுக்கம் எங்கள் வீட்டு முகம். அவள் தாத்தாவிடம் இருந்தது, என்னிடமும் உண்டு. "சரி சித்தப்பா. எடுத்துடறேன்."

"போன்ல சுத்துதே, அது?"

தன் போனை எடுத்து, நான் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு ஏதோ அழுத்தினாள். "யூடியூப்ல போட்டிருந்தத எடுத்தாச்சு. மத்தவங்க போன்ல இருக்கறது என் கையில இல்ல. போதுமா?"

"போதும்."

"சாப்பிட்டுட்டுப் போங்க. மீன் கொழம்பு இருக்குது."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு பஸ் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். படியிறங்கும்போது அவள் என் செருப்பை எடுத்து நேராக வைத்தாள், அவ்வளவுதான்.

திரும்பும்போது ஜன்னலோர இடம் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டும் வரை, வந்த காரியம் முடிந்தது என்ற திருப்தி இருந்தது. அதற்குப் பிறகு ஏனோ இல்லை.

ஞாயிறு காலை போன் வரவில்லை. இட்லி வாங்கிவந்து சாப்பிட்டேன். மாத்திரை போட்டேன். நிகழ்ச்சி வைத்திருக்கும் நாள், வேலை ஜாஸ்தி இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மாலையில் டவுன் ஹாலுக்குப் போனேன். அழைப்பு யாரும் வைக்கவில்லை. சொன்ன சொல் காப்பாற்றப்படுகிறதா என்று பார்க்க எனக்கு அழைப்பு தேவையில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டும் இஸ்திரி போட்டவை. முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அண்ணன் காலத்தில் அந்த ஹாலில் நான் முன் வரிசையில் உட்கார்ந்ததில்லை. மேடையில் அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதுதான் என் இடம். மேடைக்கு வருகிறவர்கள் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தும் ஒரு தலையசைப்புச் செய்வார்கள்.

கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவன் வந்தான்.

"ஐயா, இது ரிசர்வ்டு. நீங்க?"

"சபாபதி தம்பி" என்றேன்.

"எந்த சபாபதி சார்?"

அவனுக்கு முப்பது வயது இருக்கும். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தேன். ஒன்றியப் பெருந்தலைவர், பாலம், பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் இவனுக்கு ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால்தான் தெரியும் என்றால் ஒப்பித்து என்ன பயன்? எழுந்து பின் வரிசைகளில் ஒன்றுக்குப் போனேன். எனக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் கூடையை வைத்துக்கொண்டு, வயதான ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நான் வந்ததும் முந்தானையை ஒதுக்கிக்கொண்டார்.

நிகழ்ச்சி தொடங்கியது. சத்யா மைக்கைத் தட்டினாள். "ஹலோ, ஹலோ, பின்னாடி கேக்குதா? கேக்கலன்னா நீங்க குடுத்து வச்சவங்க" என்றாள். சிரிப்பு எழுந்தது. அப்புறம் வரவேற்புப் பாட்டு. பொதுக்கூட்டங்களில் பெயர் விடாமல் ஒவ்வொருவரையும் அவர்களே அவர்களே என்று விளிப்பதைத்தான் பாட்டாக்கியிருந்தார்கள். தலைமை வகிக்கும் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே, முன்னிலை கிடைக்காமல் முறைத்துக்கொண்டிருக்கும் அவர்களே, பேனரில் படம் சின்னதாகப் போட்டதற்காக வராமல் போன அவர்களே, வராததையே கவனிக்காத அவர்களே. தவில் ஒவ்வொரு அவர்களேக்கும் ஓர் அடி கொடுத்தது. கலைமணி வேண்டுமென்றே ஒரு அடியை விட்டான். உடனே அவள் நிறுத்தி, அந்த அவர்களிடம் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். ஹால் குலுங்கியது.

பொய் சொல்ல வேண்டியதில்லை: நன்றாக இருந்தது. அப்படி ஒரு பெயரை விட்டுவிட்டதற்காக ஒரு கூட்டமே பாதியில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அடுத்து, தலைவர் இதோ வந்துகொண்டே இருக்கிறார் என்று ஒரு பாட்டு. மாலை ஐந்து மணிக்கு வந்துகொண்டிருந்தவர் அவர்கள் பாட்டில் அடுத்த தேர்தல் வரைக்கும் வந்துகொண்டிருந்தார். பிறகு வெள்ளப் பாட்டு. புயல் அடித்து ஓய்ந்த தெருவில், முழங்கால் தண்ணீரில் தலைவர் படகில் போகிறார்; படகைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நடந்தே வருகிறது. கடலூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்து அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அய்ய, அப்பிடியேதான்! எங்க தெருவுல அப்பிடியேதான்!" என்று என் கையைத் தட்டினார்.

என்னைச் சுற்றிலும் ஜனம் தோளோடு தோள் சாய்ந்து சிரித்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொல்லமாட்டேன். யாரிடம் திரும்பிச் சிரிப்பது என்று தெரியவில்லை.

வேட்டிப் பாட்டு வரவில்லை. கடைசி நன்றியுரைப் பாட்டுக்கு அவர்கள் தயாரானபோது பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

"அக்கா, கரை வேட்டி!"

"கரை வேட்டி! கரை வேட்டி!" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன.

சத்யா மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "அந்தப் பாட்டு ஒரு வீட்டோட சொத்து" என்றாள். "வீட்டுப் பெரியவங்க வந்து கேட்டாங்க. திருப்பிக் குடுத்துட்டோம்."

"எந்தக் கட்சிக்காரன்க்கா மெரட்டுனான்?" என்றது பின் வரிசை.

"கட்சி இல்லப்பா, குடும்பம். கட்சின்னா பாடியிருப்பேன்."

ஹால் சிரித்தது. அவள் என் பக்கம் பார்க்கவில்லை. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. என் காரியம் முழுதாக நிறைவேறியது. அண்ணன் பெயர் அந்த ஹாலில் ஒரு முறைகூட உச்சரிக்கப்படவில்லை.

பக்கத்து அம்மாள் பெருமூச்சு விட்டார். "போச்சு போ. இதுக்குன்னுதான் தேவனாம்பட்டினத்துலேருந்து வந்தேன்."

அவர் என்னிடம் திரும்பினார்.

"நீங்க கேட்டதில்லையா அத? எம் பொண்ண கிள்ளையில குடுத்திருக்கேன். மாசி மகத்துக்குப் போயிருந்தப்ப அங்க மேடை போட்டுப் பாடுனாங்க. மொதல்ல அந்த வேட்டிய வச்சு ஒரே சிரிப்பு. வயிறு வலிச்சிருச்சு. அப்பறம் கடைசில ஒண்ணு பாடுச்சு பாருங்க அந்தப் பொண்ணு. கரைல நின்ன ஜனம் கப்புனு அடங்கிருச்சு."

"என்ன பாடுச்சு?" என்று கேட்டேன். கேட்டது என் குரல்தான்.

அவர் கூடையின் விளிம்பில் மெல்லத் தாளம் தட்டிக்கொண்டு, பாடுவதும் சொல்வதுமாகச் சொன்னார்.

"சால்வ விழுந்தது அண்ணன் தோளு,
சொமந்து வந்தது தம்பி தோளு;
கச்சி மாறாத ஒரே ஆளு,
எங்க வீட்டுல அவுருதான் கேளு."

மேடையில் பொன்னாடை போர்த்தினால் அடுத்த நொடியே அதைக் கழற்றி, திரும்பிப் பாராமல் பின்னால் நீட்டுவார் அண்ணன். என் கை அங்கே இருக்கும். வாங்கி, நாலாக மடித்து, தோளில் போட்டுக்கொள்வேன். பெரிய மாநாட்டு நாட்களில் தோளில் குவியல் கழுத்தை மறைக்கும். போட்டோவில் என் முகம் பாதிதான் விழும். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. யாரும் அதைப் பார்த்ததாகவும் நான் நினைத்ததில்லை.

"அந்தத் தம்பிக்கு ஒரே கச்சியாம்" என்றார் அவர். "அது அவுங்க அண்ணனாம். பாட்டு முடிஞ்சப்பறம் அந்தப் பொண்ணு வாயால சொல்லிச்சு. எங்க சித்தப்பா இன்னும் அந்தக் கச்சிலதான் இருக்காருன்னு. எனக்கு எங்க வூட்டு ஆளு நெனப்பு வந்துருச்சு. அவுரும் அப்படித்தான், அண்ணனோட போட்ட விட்டு வேற போட்டுல கடலுக்குப் போனதே இல்ல. நாலு கச்சின்னதுமே அது நம்ம சேர்மன்னு தெரிஞ்சுருச்சு; அவர நான் பாத்திருக்கேன், எங்க குப்பத்துக்கு வந்திருக்காரு. பின்னாடி யாரு நின்னாங்கன்னு ஞாபகமே இல்ல பாருங்க." கூடையை மடியில் சரிசெய்துகொண்டு, "உங்களுக்குத் தெரியுமா அந்த சேர்மன?" என்று கேட்டார்.

"தெரியும்."

"தம்பிய?"

மேடையில் நன்றியுரைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "பழக்கமில்ல" என்றேன்.

"இருந்தா ஒரு தடவ பாக்கணும். எம் பேரு ராணியம்மாள். யாராச்சும் அவுரக் கண்டா சொல்லுங்க, ஒரு கிழவி கேட்டான்னு." கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பஸ்ஸு போயிரும். வரேன்."

கூட்டம் கலைந்த பிறகு மேடைக்குப் பின்னால் போனேன். அறிவழகன் ஒயரைக் கைமுட்டியில் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கலைமணியைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனான். சத்யா ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனாள், கையசைத்து உட்காரச் சொன்னேன்.

"பாத்தீங்கல்ல சித்தப்பா. எடுத்தாச்சு."

"பாத்தேன்."

"அப்பறம் என்ன?"

"அதுல என்னையும் சேத்திருந்தியாமே."

பாட்டிலின் மூடியைத் திருகினாள். திருகி முடித்தும் திருகிக்கொண்டே இருந்தாள். "யாரு சொன்னா?"

"பக்கத்துல ஒரு அம்மா. தேவனாம்பட்டினம்."

"கேக்கச் சொன்னேன். மாட்டேன்னுட்டீங்க."

"சொல்லியிருக்கலாம், இப்பிடி ஒரு அடி இருக்குதுன்னு."

"எப்பிடிச் சொல்றது? சித்தப்பா, உங்களயும் பாடியிருக்கேன், விட்டுடுங்கன்னு கெஞ்சவா? நான் உங்க வீட்டுப் பொண்ணு."

சரியாகத்தான் சொன்னாள்.

"இப்ப பாடறேன். இங்கயே. கேக்குறீங்களா?" என்றவள், நான் பேசுவதற்கு முன்னால் தானே தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல. தனியா பாடினா அது நிக்காது சித்தப்பா. அப்பாவ வச்சு ஜனம் நல்லா சிரிக்கணும். சிரிச்சு ஓஞ்சாத்தான் உங்க அடி வர்றப்ப அடங்கி உக்காரும். முன்னாடி பாதி இல்லாம பின்னாடி பாதி இல்ல. நீங்களும் அந்தக் கூட்டத்துல ஒருத்தரா உக்காந்துதான் கேக்கணும். அடுத்த மாசம் திட்டக்குடியில இருக்குது. வர்றீங்களா? வேன்லயே கூட்டிட்டுப் போறேன்."

யோசிக்காமல் சொல்லவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜனம் சிரித்து அடங்கியபோது ராணியம்மாளுக்குத் தன் வீட்டுக்காரர் நினைவு வந்தது. அது சாதாரணக் காரியமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பின்போது நான் எங்கே இருப்பேன்? ஐந்நூறு பேர் என் அண்ணனின் இடுப்பு வேட்டியைப் பார்த்துச் சிரிக்க, நடுவில் நான் கையைக் கட்டிக்கொண்டு, எனக்குப் பெருமை வரும் இடத்துக்காகக் காத்திருப்பதா? என் பங்கு வரட்டும் என்று அவர் பங்கைச் சிரிப்புக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. நான் எந்தக் கட்சியில் இருப்பதாக அவள் பாடினாளோ, அந்தக் கட்சியில் இருக்கிறவன் அதைச் செய்யமாட்டான்.

"அண்ணன் பேருக்கு ஜனம் சிரிக்கிற எடத்துல நான் உக்காரமாட்டேன்மா."

"அப்ப விட்டுடறேன். போதும்."

"விட வேண்டாம்" என்றேன். "திட்டக்குடியில பாடு. கம்மாபுரத்துல, விருத்தாசலத்துல, எங்க வேணும்னாலும் பாடு. கடலூர்ல வேண்டாம். நான் இருக்கற ஊர்ல மட்டும் வேண்டாம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்காக எழுதுனது சித்தப்பா. ஊரெல்லாம் கேக்கும், நீங்க மட்டும் கேக்கமாட்டீங்களா?"

"மாட்டேன்."

"என்ன மனுசன் நீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து வந்து என் சட்டைக் காலரை, அது நேராகத்தான் இருந்தது, இழுத்துவிட்டாள். வெளியே அறிவழகன் வேனின் கதவை மூடும் சத்தம் கேட்டது. வீட்டில் இறக்கிவிடுகிறோம் என்றார்கள். நடக்கிற தூரம்தான் என்று சொல்லி நடந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு போன் வந்தது. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா. பாட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திட்டக்குடி நிகழ்ச்சி அன்று காலையிலும் பேசினாள்.

"ஆறு மணிக்கு ஆரம்பம். வேன அந்தப் பக்கமா வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நீ தொண்டையப் பாத்துக்க. வெந்நி குடி."

"ரெக்கார்டு பண்ணி அனுப்பட்டுமா?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"சரி சித்தப்பா."

மாலை ஆறு மணிக்குக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது மைக்கைத் தட்டுவாள். இப்போது அவர்களே அவர்களே. திட்டக்குடிப் பக்கத்து ஜனம் முதலில் கொஞ்சம் யோசித்துத்தான் சிரிக்கும். அண்ணன் அங்கே பேசும்போதும் அப்படித்தான், பிடித்துவிட்டால் விடமாட்டார்கள். வந்துகொண்டே இருக்கும் தலைவர் வந்துகொண்டிருப்பார். பிறகு வெள்ளம். பிறகு அண்ணியின் ஊசியும் நூலும். அங்கே என் மனம் நிற்க மறுத்தது, தாண்டிப் போனேன். தாண்டியதும் அடுத்தது தெரியவில்லை. ராணியம்மாள் சொன்ன நாலு வரி இருந்தது, ஆனால் மெட்டு இல்லை. சத்யா அதை மெதுவாகப் பாடுவாளா, தவில் நிற்குமா, ஜனம் எவ்வளவு நேரம் அடங்கியிருக்கும் என்று எதுவும் எனக்குத் தெரியாது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னையன்.

"மாமா, என்ன இருட்டுல உக்காந்திருக்கீங்க? கரண்டு இல்லயா? தெருவுல எல்லா வீட்டுலயும் எரியுதே."

"இருக்குது."

"அப்பறம் லைட்டப் போடறதுதானே?"

"திட்டக்குடியில ஒரு கூட்டம்" என்றேன். "முடியட்டும்னு இருக்கேன்."

அவனுக்குப் புரியவில்லை. சற்று நின்று பார்த்துவிட்டு, நாளைக்குக் கடையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.